சாவியை எடுத்த பிறகும் ஓடும் வண்டி

முதலில் எனக்குத் துரோகம் செய்தவன் வனராஜ். என் தங்கச்சி புருஷன். பெயரை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி. போடி டாக்ஸி ஸ்டாண்டில் போய் வனராஜ் என்றால் சின்னப்பிள்ளைகூடக் கை காட்டும். நாலு காருக்கு முதலாளி. அன்வர் மெக்கானிக் செய்தது இரண்டாவது. என் தங்கச்சி பேச்சி வாயை மூடிக்கொண்டு நின்றது மூன்றாவது. இந்த வரிசை மாறக் கூடாது.

அந்தப் பையை மட்டும் மிதித்துவிடாதீர்கள். உள்ளே பட்டுப்புடவை இருக்கிறது. யாருக்கா? யாருக்கோ. பிறகு சொல்கிறேன்.

இந்த மலையில் நான் பாதி ஆயுள் கார் ஓட்டியவன். போடியிலிருந்து மலையுச்சி மெட்டு வரைக்கும் எந்த வளைவில் எந்தக் கல் துருத்திக்கொண்டிருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அப்படிப்பட்டவன் இன்று டிக்கெட் எடுத்து, முழங்காலை முன்சீட்டில் இடித்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். டிரைவர் எப்படி கியர் மாற்றுகிறான் கேட்டீர்களா? எருமையைத் தொழுவத்தில் தள்ளுகிற மாதிரி. கேட்கவே சகிக்கவில்லை.

சரி, வனராஜுக்கு வருகிறேன்.

மெட்டு ஏறி முடிக்கிற இடத்தில் ஒரு கருப்பசாமி இருக்கிறார். கூரைகூடக் கிடையாது. ஒரு கல், ஒரு அரிவாள், நாலு மணி. நீங்கள் வெளியூர், பார்த்திருக்க மாட்டீர்கள், இப்போது பார்ப்பீர்கள். இந்த மலையில் டாக்ஸி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம். சாமிக்கு முன்னால் டயர் நின்ற அந்த நொடியே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். டயர் நிற்பதும் எஞ்சின் அடங்குவதும் ஒன்றாக நடக்க வேண்டும். ஏன் தெரியுமா? அடிவாரத்திலிருந்து கருப்பன் நம் வண்டிக்கு முன்னால் நடந்து வருகிறார். வளைவுக்கு வளைவு எதிரே வருகிறவனை ஒதுக்கிவிட்டுக்கொண்டே வருகிறார். மேலே வந்ததும் அப்பாடா என்று உட்காருகிறார். அப்போது போய் நீ வண்டியை உறும விட்டால் என்ன அர்த்தம்? எழுந்திரு, இன்னும் நட என்று அர்த்தம். சாமியை வேலைக்காரனாக நடத்துவதா? எனக்கு வண்டி சொல்லிக்கொடுத்தவர் அணைத்தார். நான் அணைத்தேன். பழைய அம்பாசிடர் டீசல் வண்டியில் ஒரு குமிழ் இருக்கும், இழுத்தால் போதும், 'ப்புர்ர்' என்று குதிரை மாதிரி ஒரு மூச்சு விட்டு அடங்கும். அந்த அமைதியில் மணியை ஒரு தட்டுத் தட்டினால் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்.

அவனிடம் நான் ஓட்டிக்கொண்டிருந்த அந்த அம்பாசிடரை வனராஜ் விற்றான். டர்போ வண்டி வாங்கினான்.

டர்போ என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதா? கேட்டால் சாப்பிட்டது வெளியே வந்துவிடும். எஞ்சின் வெளியே விடுகிற புகை இருக்கிறதல்லவா, அந்தப் புகையை வெளியே விடாமல் ஒரு சக்கரத்தில் அடித்து, அந்தச் சக்கரம் சுற்றி, திரும்ப எஞ்சினுக்குள்ளேயே ஊதுகிறது. தான் கழித்ததைத் தானே தின்கிற வண்டி. அன்வர் என்னிடம், "அப்படி இல்ல பெரியவரே, உள்ள போறது நல்ல காத்துதான், புகை சக்கரத்தைச் சுத்த மட்டும்தான் செய்யுது" என்று ஒரு மணி நேரம் விளக்கினான். எச்சில் கையால் பரிமாறிவிட்டு, சோறு சுத்தமானது என்கிற மாதிரி இருந்தது.

ஓட்டும்போது விசில் அடிக்கும் தம்பி. மிதிக்க மிதிக்க 'ஸ்ஸ்ஸ்' என்று காதுக்குள் பூச்சி புகுந்த மாதிரி. மலையில் இழுக்குமா என்றால் இழுக்கும், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மூன்றாவது கியரில் ஏறும். திருடனும்தான் வேகமாக ஓடுவான்.

வண்டி வந்த அன்றைக்கே வனராஜ் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டினான். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டிப் படித்தேன். 'அணைக்கும் முன் இரண்டு நிமிடம்.' என்னடா மாப்ள இது என்றேன்.

"மச்சான், ஏறி வந்த சூட்டோட அணைச்சா எண்ணெய் உள்ளயே நின்னு வெந்து கரியாயிரும். டர்போ போயிரும். ரெண்டு நிமிசம் சும்மா ஓட விட்டு, சூடு எறங்கினப்புறம் அணைங்க."

சும்மா ஓட விடுவதாம். எங்கும் போகாமல், யாரையும் ஏற்றாமல், டீசலைக் கொளுத்திக்கொண்டு, பைத்தியக்காரன் மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பதாம். அவன் அப்படித்தான் உட்காருவான். கல்யாண வீடா, உட்காருவான். கட்சிக்காரன் வீடா, உட்காருவான். அவனுடைய அப்பா செத்த அன்று தேனியிலிருந்து பறந்து வந்தான். வாசலில் வண்டி நிற்கிறது, உள்ளே பொம்பளைகள் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள், இவன் வண்டிக்குள் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கிறான். அப்பன் பிணத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம்! அன்றைக்கு நான் வாசலிலேயே காறித் துப்பினேன்.

அப்பனையே காத்திருக்கச் சொன்னவன். நான் கருப்பனைக் காத்திருக்கச் சொல்வேனா? அணைத்தேன். டயர் நின்ற நொடியே அணைத்தேன்.

வருஷம் திரும்பவில்லை, டர்போ போய்விட்டது. மட்டமான சாமான். அன்வர் அதைக் கழற்றி மேசையில் வைத்தான், சின்ன நத்தை மாதிரி இருந்தது. உள்ளே விரலை விட்டுக் கறுப்பாக வழித்துக் காட்டினான். "கரி பாருங்க. ஏறின சூட்டுல யாரோ அணைச்சிருக்காங்க" என்றான். யாரோ என்று வாயில் சொன்னான், கண் என் மேல் இருந்தது. ஒரு துலுக்கன் பையனுக்குக் கருப்பன் வழக்கம் என்ன தெரியும் என்று நினைத்தேன். ஆனால் அவனும் கிடா வெட்டுக்கு மெட்டுக்கு வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன்தான். தெரிந்தே சொன்னான். அதனால்தான் அவன் இரண்டாவது.

வனராஜ் அன்றைக்குச் சத்தம் போடவில்லை. புது டர்போ மாட்டினான். என்னிடம் தனியாக வந்து, "மச்சான், ஒண்ணு செய்வமா? கோயிலுக்குக் கீழ செக்போஸ்ட் இருக்குல்ல, அங்க ஓரங்கட்டி ரெண்டு நிமிசம் ஓட விடுங்க. அப்புறம் மெதுவா உருட்டிக்கிட்டு வந்து சாமி முன்னால அணைங்க. சாமிக்கும் மரியாதை, வண்டிக்கும் நல்லது" என்றான்.

நியாயம் மாதிரி இருக்கிறதல்லவா? எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் தோன்றியது. பிறகு யோசித்தேன். வீட்டு வாசலுக்கு வந்தவன், தெருமுனையில் நின்று இளைப்பாறிவிட்டு வருவானா? கருப்பன் மேலே நின்று, எங்கடா இவனைக் காணோம் என்று திரும்பிப் பார்க்க மாட்டாரா? முடியாது என்றேன்.

இரண்டாவது டர்போவும் போனது. அதுவும் மட்டம்.

அதற்கப்புறம்தான் வனராஜ் அந்த அசிங்கத்தைச் செய்தான். அன்வரோடு சேர்ந்து, மூன்றாவது டர்போவோடு வண்டியில் ஒரு கருவியையும் மாட்டினான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பாட்டுக்கு மலையேறினேன், கருப்பன் முன்னால் நிறுத்தினேன், சாவியைத் திருகி எடுத்தேன். எஞ்சின் ஓடுகிறது. சாவி என் கையில். எஞ்சின் ஓடுகிறது! நான் இறங்கி நிற்கிறேன், வண்டிக்குள் ஆள் இல்லை, அது தன்னால் 'தடதட' என்று சாமி முகத்துக்கு நேராகப் புகை விட்டுக்கொண்டு நிற்கிறது. எங்கள் ஸ்டாண்டில் கார் ஓட்டுகிற சன்னாசி, என் வண்டிக்குப் பின்னால் வந்தவன், "என்னண்ணே, வண்டி உங்க பேச்சைக் கேக்கலையா? வீட்டுலதான் அப்படின்னு நெனச்சேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு நிமிடம் கழித்து அது இஷ்டப்பட்டபோது நின்றது.

கீழே வந்து கேட்டால் வனராஜ் சிரிக்கிறான். "நீங்க சாவியை எடுத்தா உங்க கடமை முடிஞ்சுது மச்சான். சாமி உங்களைக் கோவிக்காது. மிச்சத்தை வண்டி பாத்துக்கும்." எனக்கு நல்லது செய்துவிட்டானாம். என் கையில் ஒரு பொம்மைச் சாவியைக் கொடுத்துவிட்டு நல்லது செய்துவிட்டானாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? காலை வைத்தே எஞ்சினைக் கொன்றேன். பிரேக்கை முழுக்க மிதி. மேல் கியரில் போடு. கிளட்சை டக்கென்று விடு. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும், விக்கல் வந்த மாதிரி முன்னால் தள்ளும், செத்துப்போகும். எந்தக் கருவியும் அப்போது ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அதே இடம், அதே கல்லுக்கு நேராக. என் கால் அதற்குப் பழகிவிட்டது. கருப்பன் அமைதியாக உட்கார்ந்தார்.

தண்ணீர் இருக்கிறதா தம்பி? கொடுங்கள். இந்த பஸ்ஸும் எண்ணெய் நாற்றம் அடிக்கிறது பாருங்கள்.

இந்த மாசி மாதம், வனராஜ் மகள் தாரணிக்குக் கல்யாணம் முடிவானது. முதல் பத்திரிகையைக் கருப்பனுக்கு வைக்க வேண்டும் என்று பேச்சியும் தாரணியும் கிளம்பினார்கள். தாய்மாமன் நான், நான்தானே ஓட்ட வேண்டும்? ஓட்டினேன். பாதி மலையிலேயே விசில் ஒரு மாதிரியாக மாறியது. இழுவை குறைந்தது. நான் இன்னும் மிதித்தேன். தாரணி பின்னாலிருந்து, "மாமா, பின்னால ரோடே தெரியல மாமா, ஒரே நீலப் புகை" என்றாள். பனியாக இருக்கும் என்றேன்.

மேலே வந்தேன். கல்லுக்கு நேராக நிறுத்தினேன். சாவியைத் திருகினேன், எடுத்தேன். ஓடுகிறது. அந்தக் கருவிதான் என்று நினைத்தேன். இல்லை. சத்தம் ஏறுகிறது. நான் மிதிக்கவே இல்லை, என் கால் தரையில் இருக்கிறது, சத்தம் ஏறுகிறது. உறுமல் அலறலாக மாறியது. பன்றியைக் குத்தும்போது கத்துமே, அப்படி. வண்டி முழுக்க உதறுகிறது. புகையில் கருப்பனைக் காணவில்லை, பள்ளத்தைக் காணவில்லை. பூசாரி ஓடிப்போனார். பேச்சி, "அண்ணே, அண்ணே" என்று என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். கதவைத் திறந்து இறங்கினால் எந்தப் பக்கம் பள்ளம் என்று தெரியாது. தாரணி பத்திரிகையை மாரோடு கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள்.

நான் யோசிக்கவில்லை தம்பி. என் கால் யோசித்தது. பிரேக்கை மிதித்தேன். மேல் கியரில் போட்டேன். கிளட்சை விட்டேன். ஒரு குலுக்கு. பெரிய குலுக்கு, என் நெற்றி கண்ணாடியில் இடித்தது, தழும்பு இதோ. செத்துப்போனது.

அந்த அமைதியில் மணி தன்னால் ஆடிக்கொண்டிருந்தது.

அன்வர் பிறகு வந்து பார்த்துச் சொன்னான். டர்போ உடைந்து, எஞ்சினுக்குள் எண்ணெய் இறங்கி, டீசலே இல்லாமல் தன் எண்ணெயைத் தானே குடித்து ஓடியிருக்கிறதாம். சாவியால் நிறுத்த முடியாதாம். விட்டிருந்தால் வெடித்திருக்குமாம், தீப்பிடித்திருக்குமாம். "கியர்ல போட்டு அமுக்குனது யாரு? அந்த நேரத்துல அது எல்லாருக்கும் வராது" என்று அவனே கேட்டான். நான் என்றேன். "தினமும் செய்றது" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். கரி ஒட்டிய விரலைத் துணியில் துடைத்துக்கொண்டான். பொறாமை.

வனராஜ் மேலே வந்தான். பேச்சி அழுதுகொண்டே, "அண்ணன் இல்லைன்னா நாங்க இல்ல" என்றாள். என் காதால் கேட்டேன். அவன் என்ன செய்தான் தெரியுமா? பானட்டைத் தொட்டுப் பார்த்தான். மகளைத் தொட்டுப் பார்த்தான். என் நெற்றியில் ரத்தம் வழிகிறது, என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் ஸ்டாண்டில், சன்னாசி இருக்கிறான், டீக்கடைக்காரன் இருக்கிறான், எல்லாரும் இருக்கிறார்கள், வனராஜ் வந்து என் கையிலிருந்த சாவியை வாங்கினான். "மச்சான், இனிமே மலைக்கு நீங்க வேணாம். ஸ்டாண்டுல உக்காந்து போன் எடுங்க, போதும்" என்றான். பேச்சி பக்கத்தில் நின்றாள். நேற்று அழுதவள். இன்று தரையைப் பார்த்தாள்.

போன் எடுப்பதாம். ஹலோ ஹலோ என்று சொல்வதாம். பெண்டாட்டியையும் பிள்ளையையும் காப்பாற்றியவனுக்கு அவன் கொடுத்த வேலை.

எனக்கு என்ன வேண்டும்? வண்டி வேண்டுமா? அந்த எச்சில் வண்டி எனக்கு எதற்கு? ஒரு வார்த்தை. அதே ஸ்டாண்டில், அதே ஆட்களுக்கு முன்னால், 'மச்சான், உங்களாலதான் என் பொண்ணு இன்னைக்கு உயிரோட இருக்கா' என்று ஒரு வார்த்தை. இவ்வளவுதான். அது அவன் எனக்குத் தர வேண்டியது.

தரவில்லை. தாம்பாளம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான், முறையாகத்தான் வந்தான். கல்யாணத்துக்கு அழைத்தான். வெற்றிலை இருந்தது, பழம் இருந்தது, பத்திரிகை இருந்தது, அந்த வார்த்தை இல்லை. நான் தட்டைத் தொடவில்லை. என் பெண்டாட்டி எனக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். நேற்றே அங்கே போய்க் காய் நறுக்குகிறாள். அவளை எந்த வரிசையில் வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கல்யாணம் நாளைக்கு. இன்று சாயங்காலம் தாய்மாமன் சீர். தாய்மாமன் எடுத்துக் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டுதான் பெண் சபையில் வந்து உட்கார வேண்டும். மாமன் இல்லாமல் எப்படி உட்காருகிறாள் என்று பார்க்கலாம். நான் மத்தியானமே டீக்கடையில் சொல்லிவிட்டேன். "நான் மெட்டுக்குப் போறேன், மூணு மணி பஸ்ஸுல போறேன், யாரும் என்னைத் தேட வேணாம்." டீக்கடைக்காரன் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தான். அதனால் இன்னொரு தடவை சொன்னேன். சன்னாசி, "யாரு தேடப் போறா?" என்றான். அவனுக்கும் கேட்டதல்லவா, அது போதும்.

புடவையா? ஆமாம், அதுதான். வீட்டில் வைத்துவிட்டு வந்தால் எலி கடித்துவிடும். அதனால் கையோடு எடுத்து வந்தேன். எலி இருக்கிறது தம்பி, நிறைய.

இதோ, மேலே வந்துவிட்டது. அதுதான் கருப்பன். அந்தக் கல். டிரைவர் நிறுத்துகிறான் பாருங்கள்... அணைக்கவில்லை பார்த்தீர்களா? சாமி முன்னால்! "ஏய் டிரைவரு, அணைப்பா! சாமி இருக்குல்ல!" என்ன சொல்கிறான் கண்டக்டர்? "இது டர்போ வண்டி பெருசு, உடனே அணைக்கக் கூடாது." தூ. அரசாங்கத்துக்கும் பிடித்துவிட்டது இந்த வியாதி. கருப்பா, நீயே பார்த்துக்கொள்.

இருங்கள். சத்தம் கேட்கிறதா? கீழே, வளைவில். விசில். அந்தப் பூச்சி விசில் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். மறுபடி டர்போ மாட்டிய அதே வண்டி. நன்றாக மிதித்துக்கொண்டு வருகிறான். என்ன வேகத்தில் வருகிறான் மடையன், அந்த வளைவில் ஒரு கல் துருத்திக்கொண்டிருக்குமே... தாண்டிவிட்டான். வனராஜ்தான். அவனேதான் ஓட்டிக்கொண்டு வருகிறான். வேட்டி சட்டையோடு, தோளில் மாலைக்காரன் கொடுத்த பூச்சரம் தொங்குகிறது, கல்யாண வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறான். சன்னாசி சொல்லியிருப்பான்.

இப்போது பாருங்கள் வேடிக்கையை. பஸ்ஸுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவான். நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பான். அப்பன் செத்த அன்றே உட்கார்ந்தவன். எண்ணிக்கொள்ளுங்கள், இரண்டு நிமிடம்...

அணைத்துவிட்டான்.

நீங்கள் பார்த்தீர்களா? டயர் நின்றது, அணைத்துவிட்டான். அவ்வளவு சூட்டில். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அந்தக் கருவியையும் கழற்றிவிட்டானா? சத்தமே இல்லையே. மணி கேட்கிறது பாருங்கள்.

இறங்கிவிட்டான். பானட்டில் கை வைக்கிறான். சுடுகிறது போல, எடுத்துவிட்டான். என்னைப் பார்க்கிறான். ஜன்னலுக்குத்தான் வருகிறான்.

"மச்சான், எறங்குங்க. தாரணி சபைக்கு ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேங்குறா. மாமா வந்தாத்தான்னு ஒரு வாய் தண்ணி குடிக்கல."

கேட்டீர்களா? கவனமாகக் கேட்டீர்களா? தாரணி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அது சரி. அவள் என் பிள்ளை. அந்த வார்த்தை இருந்ததா இதில்? எங்கேயாவது இருந்ததா? நீங்கள் சாட்சி. எஞ்சினை அணைத்தான் என்று சொல்லாதீர்கள். அணைத்தது கருப்பனுக்கு. அது கருப்பனுக்குச் சேர வேண்டியது, அங்கே சேர்ந்துவிட்டது. எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

அந்தப் பையை எடுங்கள் தம்பி. பார்த்து, ஜரிகை கசங்காமல். நான் இறங்கிப் போகிறேன், புடவைக்காகப் போகிறேன், பிள்ளைக்காகப் போகிறேன். கார் முன்சீட்டில்தான் உட்காருவேன். வழி முழுக்க அவனோடு ஒரு பேச்சுப் பேச மாட்டேன். அவன் ஏன் இப்படி வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன்.

நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் சரி, யாராவது வனராஜ் பேச்சை எடுத்தால் சொல்லுங்கள். அந்த வார்த்தை இன்னும் வரவில்லை. பாக்கி அப்படியே நிற்கிறது.